சர்வர் மாற்றுகிறீர்களா? பழையதை உடனே அணைக்காதீர்கள்

காரைக்குடியில் இருந்துகொண்டு சுற்றுவட்டார வியாபாரிகளின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் ஒரு தங்கும் விடுதி, வெளிநாட்டுக்கும் அனுப்புகிற பலகாரக் கடை. சர்வரை, அதாவது தளம் ஓடுகிற கணினியை, மாற்றப் போகிற எல்லாரிடமும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: தளத்தின் பெயர் எந்த சர்வரைக் காட்டுகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை மாற்றிய பிறகும் கொஞ்ச காலம் பழைய சர்வருக்கும் ஆள் வரும், புதியதற்கும் ஆள் வரும். அந்த நேரத்தில் வரும் ஆர்டர் எங்கே போய் விழும் என்று தெரியாமல் எதையும் தொடக்கூடாது.

பலகாரக் கடையையே எடுத்துக்கொள்வோம். மாதம் பார்த்து ஆரம்பியுங்கள். மார்கழியிலும் ஆடியிலும் முகூர்த்தம் இல்லை, சீர்ப் பலகார ஆர்டர் குறைவு. தீபாவளிக்கு முன்னால் கை வைக்கவே வேண்டாம். நேரத்தை லாக், அதாவது யார் எப்போது வந்தார்கள் என்ற சர்வர் பதிவேடு பார்த்து முடிவு செய்யுங்கள். இங்கே அதிகாலை 2 மணி என்றால் சிங்கப்பூரில், மலேசியாவில் 4.30, நல்ல தூக்கம். ஆனால் அமெரிக்காவில் முந்தைய நாள் பிற்பகல். பிள்ளைகள் அங்கே இருக்கிற வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம், அவர்களும் வாடிக்கையாளர்கள்தான்.

நாள் குறித்ததும் டிடிஎல் மதிப்பைக் குறையுங்கள். டிஎன்எஸ் பதில் எத்தனை வினாடி நினைவில் நிற்கலாம் என்று சொல்லும் எண் அது. 86400 என்று இருந்தால் இணைய இணைப்பு நிறுவனங்களின் கணினிகள் ஒரு முழு நாள் பழைய ஐபியையே, அதாவது பழைய சர்வரின் எண் முகவரியையே, நினைவில் வைத்திருக்கும். அதை 300 ஆக்குங்கள், அதாவது ஐந்து நிமிடம். இந்த மாற்றமே எல்லாருக்கும் போய்ச் சேர அந்தப் பழைய ஒரு நாள் ஆகும் என்பதால், இரண்டு நாள் முன்பே செய்துவிட வேண்டும். ஐபிவி6 (புதிய, நீளமான வகை ஐபி) முகவரி தனியாக இருந்தால் அதற்கும் இதே வேலை.

அடுத்து கோப்புகள். நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் போதும். படங்களை முதல் நாளே நகலெடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் மறுபடி ஒருமுறை ஓட்டினால் புதிதாகச் சேர்ந்தவை மட்டும் வரும்.

டேட்டாபேஸில்தான் தமிழ்த் தளங்கள் அடிபடுகின்றன. டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் இருந்து டம்ப் (முழுத் தரவின் நகல் கோப்பு) எடுக்கும்போதும், புதியதில் ஏற்றும்போதும் எழுத்து வகையை (கேரக்டர் செட்) யுடிஎஃப்8எம்பி4 என்று நீங்களே குறிப்பிடுங்கள். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், அது மூன்று பைட் வரை மட்டுமே ஏற்கும் பழைய யுடிஎஃப்8-இலேயே அடங்கிவிடும். ஆனால் ஆர்டர் குறிப்பில் 'பேத்திக்கு வளைகாப்பு' என்று எழுதி ஒரு கும்பிடு எமோஜி போடுவார்கள். அது நான்கு பைட், அங்கேதான் உடையும். ஏற்றி முடித்ததும் 'மணகோலம்', 'சீப்புச் சீடை' என்ற பெயர்களைத் திறந்து பாருங்கள். ஏதோ ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், பெரும்பாலும் தரவு பத்திரமாக இருக்கும், படிக்கிற அமைப்புதான் தவறு. வரிசையாகக் கேள்விக்குறி வந்து, இணைப்பின் எழுத்து வகையைச் சரிசெய்த பிறகும் போகவில்லை என்றால், எழுத்து போயே போய்விட்டது. மறுபடி டம்ப் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நேர மண்டலத்தையும் பாருங்கள். புதிய சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வரும். ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால், 'மாலை 5 மணிக்குள் ஆர்டர் செய்தால் நாளை அனுப்புவோம்' என்ற விதி இரவு 10.30 வரை திறந்தே கிடக்கும்.

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச அமைப்பிடம் வாங்குகிறீர்கள் என்றால், தளம் உங்களுடையதா என்று அது செய்யும் வழக்கமான சோதனை டிஎன்எஸ் காட்டும் சர்வருக்குத்தான் போகும். அதனால் பழைய சான்றிதழ்க் கோப்புறையை சிம்லிங்க் (வேறு கோப்பைக் காட்டும் குறுக்குவழி) கெடாமல் அப்படியே கொண்டுவாருங்கள், அல்லது டிஎன்எஸ் வழிச் சோதனையால் முன்கூட்டியே வாங்குங்கள்.

அப்புறம் உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தளத்தின் பெயருக்கு நேராகப் புதிய ஐபியை எழுதுங்கள். உலகம் பழையதைப் பார்க்கும், நீங்கள் மட்டும் புதியதைப் பார்ப்பீர்கள். ஓர் ஆர்டரைக் கடைசி வரை போட்டுப் பாருங்கள். பணப் பரிமாற்ற நிறுவனமோ கூரியரோ உங்கள் ஐபியைப் பதிந்து வைத்திருந்தால் புதியதைச் சேர்க்கச் சொல்லுங்கள். தளம் மின்னஞ்சல் அனுப்புகிறதா? உங்கள் பெயரில் எந்த சர்வர் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவிலும் புதிய ஐபி ஏற வேண்டும்.

மாற்றும் இரவில் வரிசை முக்கியம். பழைய தளத்தில் ஆர்டரை நிறுத்தி அறிவிப்புப் பலகை போடுங்கள். அங்கே குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் சமையற்கட்டுக்குக் காலைப் பட்டியல் இரண்டு சர்வரில் இருந்தும் போய், அதிரசத்துக்கு இரண்டு மடங்கு மாவு இடித்துவிடுவார்கள். கடைசி டம்ப் எடுத்து ஏற்றுங்கள், கோப்புகளை மறுபடி ஓட்டுங்கள், புதியதில் ஆர்டரைத் திறந்து டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள்.

உடனே பழைய சர்வரில் தளத்தை வழங்கும் மென்பொருளான என்ஜின்எக்ஸை வெறும் கடத்தியாக்குங்கள். வருகிற எல்லாக் கோரிக்கையும் புதிய சர்வருக்குப் போகட்டும். பழைய வீட்டுத் திண்ணையில் ஆள் உட்கார்ந்து வருகிறவர்களைப் புது வீட்டுக்குக் கூட்டிப்போவது போலத்தான். கடத்தும் இடத்தில் பெயரை எழுதாமல் ஐபி எண்ணையே எழுதுங்கள். பெயர் எழுதினால் அது தன்னையே கூப்பிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. இப்படிச் செய்தால் யார் எந்த வழியாக வந்தாலும் ஆர்டர் ஒரே டேட்டாபேஸில்தான் விழும்.

திரும்பிப் போவதா என்ற முடிவை ஆர்டரைத் திறப்பதற்கு முன்பே எடுங்கள். புதியதில் ஓர் ஆர்டர் விழுந்த பிறகு பழையதுக்குப் போனால் அந்த வாடிக்கையாளரின் பணம் வந்திருக்கும், பலகாரம் போகாது.

பழைய சர்வரின் லாகில் தேடுபொறி, ஸ்கேனர்களைத் தவிர வேறு யாரும் வராத வரை காத்திருங்கள். ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம். அந்த வாடகையைக் கணக்கு பார்க்காதீர்கள். பிறகு ஒரு முழு நகல் எடுத்து வைத்துவிட்டு, அங்கே இருந்த கடவுச்சொற்களையும் சாவிகளையும் மாற்றி, டிடிஎல்லைப் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டு சர்வரை விடுவியுங்கள்.