கயிற்றறையில் தொடங்குங்கள்: பெங்களூருக் கல்லூரி மலையேற்றக் குழுவில் பணி சேர்வது எப்படி?

பெங்களூருக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்கள் பலர், முதல் பருவத்திலேயே கல்லூரியின் சாகசக் குழுவைத் தேடிச் சென்று, அடுத்த மலைப் பயணம் எப்போது என்று கேட்கிறார்கள். அந்தக் குழுவில் தன்னார்வலராகவோ மதிப்பூதியம் பெறும் பணியாளராகவோ சேர விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது, கயிறும் கூடாரமும் வைத்திருக்கும் அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த நாளில் அங்கே ஆள் தேவைப்படுகிறது என்பதுதான். மலைக்கு வர நாற்பது பேர் முன்வருவார்கள். திரும்பி வந்த மறுநாள் நனைந்த கூடாரங்களை விரித்து உலர்த்த இரண்டு பேர் கிடைப்பது அரிது. அந்த இரண்டு பேரில் ஒருவராக இருந்தால், ஆறு மாதத்தில் பொறுப்பாசிரியர் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பார்.

சேரும் முன் சிலவற்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. உபகரணப் பொறுப்பு, ஏறிப் பழகும் செயற்கைச் சுவரின் கண்காணிப்பு போன்ற வேலைகளுக்குச் சில கல்லூரிகள் பணம் தருகின்றன. சில கல்லூரிகள் சான்றிதழோடு நிறுத்திக்கொள்கின்றன. பயணச் செலவும் சாப்பாடும் யாருடையது, காப்பீடு உண்டா என்பதையும் கேளுங்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை முடிக்க வேண்டியவர்கள், மலைப்பாதையில் குப்பை அகற்றும் பணி அந்தக் கணக்கில் சேருமா என்று திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

விண்ணப்பத்தில் இயற்கையின் மீது எவ்வளவு ஆசை என்பதை விவரிக்க வேண்டாம். வாரத்தில் எந்தெந்த மாலைகள் ஓய்வாக இருக்கும், எத்தனை கிலோ சுமந்து நடந்து பழக்கம், முதலுதவிப் பயிற்சி உண்டா, கன்னடம் எந்த அளவு வரும் என்பவற்றை எழுதுங்கள். பெங்களூருக்கு அருகே, மாகடிப் பக்கத்துக் கிராமத்தில் வழி கேட்கவும், உள்ளூர் வழிகாட்டியோடு பேசவும், "நிதானவாகி" என்று ஒருவரை மெதுவாக இறங்கச் சொல்லவும் தெரிந்தவர் குழுவுக்குப் பெரிய பலம்.

பொருளறையில் முதலில் கற்க வேண்டியது கயிற்றைச் சோதிப்பது. ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கயிற்றை விரல்களுக்கிடையே மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்காவது தட்டையாகவோ, மற்ற இடங்களைவிட மெத்தென்றோ பட்டால், அந்த இடத்தைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். நல்ல கயிறு வளையமாக வளையும். உள்ளிழை சேதமடைந்த கயிறு காகிதம்போல மடிந்துவிடும். அப்படி மடிந்த கயிற்றை யார் என்ன சொன்னாலும் பாறைக்கு அனுப்பக் கூடாது. அமிலம் பட்டால் நைலான் வெளியே தெரியாமலேயே பலமிழக்கும் என்பதால், பேட்டரி வைக்கும் இடத்துக்கு அருகில் கயிற்றை வைக்கவே வேண்டாம். துவைத்த கயிற்றை நிழலில்தான் உலர்த்த வேண்டும். வாங்கிய நாள், பயன்படுத்திய நாட்கள், ஏறுபவர் விழுந்தபோது தாங்கிய தடவைகள் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவில்லாத கயிற்றை நான் நம்புவதில்லை.

மலையில் முதல் பொறுப்பாக வரிசையின் கடைசி ஆளாக நடக்கும் பணியைக் கேட்டு வாங்குங்கள். அது சாதாரணப் பணியன்று. இரண்டாம் ஆண்டில் மாகடிக்கு அருகிலுள்ள சாவனதுர்கா பாறை மலையிலிருந்து இறங்கியபோது நான் கடைசி ஆளாக இருந்தேன். ஒரு மாணவி ஷூ நாடாவைக் கட்ட ஒதுங்கினார். பின்னாலேயே வந்துவிடுவார் என்று எண்ணி நான் ஒரு வளைவு தாண்டிப் போய் நின்றேன். அவர் பாறையிலிருந்த அம்புக்குறியைக் கவனிக்காமல் வேறு சரிவில் இறங்கிவிட்டார். இருபது நிமிடம் கழித்து, பிடிமானமற்ற வழுக்குப் பாறையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது, ஒரு நிமிடம்கூட. ஒவ்வொரு நிறுத்தத்திலும் புறப்படும் முன் தலைகளை எண்ணுங்கள்.

நேரக் கணக்குக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்பவர் வகுத்த விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம். 1,712 மீட்டர் உயரமுள்ள குமார பர்வதத்துக்குக் குக்கே சுப்ரமண்யாவிலிருந்து ஏறினால், ஏறக்குறைய 1,600 மீட்டர் ஏற்றத்துக்கு மட்டுமே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகும். புதியவர்கள் நிறைந்த குழுவென்றால் மொத்தக் கணக்கோடு பாதியைச் சேர்த்துக்கொள்வதே என் வழக்கம். 2024 ஜனவரியில் அந்த மலையில் கூட்டம் அளவுமீறியதைத் தொடர்ந்து அனுமதி முறை இறுகியது. கர்நாடக வனத்துறையின் பல மலைப்பாதைகளுக்கு இப்போது இணையத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும். ஒவ்வொருவரின் அடையாள அட்டை, வீட்டுத் தொலைபேசி எண், ஆஸ்துமா போன்ற உடல்நிலை விவரம் ஆகியவற்றை வியாழக்கிழமைக்குள் திரட்டித் தரும் தன்னார்வலர் இல்லாமல் சனிக்கிழமைப் பயணம் நடக்காது.

முதலுதவியில் இரண்டையாவது மனப்பாடமாக வைத்திருங்கள். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சமதேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால், உப்புச்சர்க்கரைக் கரைசல் தயார். பாம்பு கடித்தால் கட்டு இறுக்கவோ கீறவோ உறிஞ்சவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைய விடாமல், நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். ராமநகர், சாவனதுர்கா போன்ற பாறைகளில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கும் என்பதால், வாசனைத் திரவியம் பூசி வருபவர்களையும் புகை மூட்ட நினைப்பவர்களையும் புறப்படும் இடத்திலேயே தடுத்துவிடுங்கள்.

இதையே தொழிலாக்க நினைப்பவர்கள் பெங்களூரிலேயே உள்ள ஜெனரல் திம்மய்யா தேசிய சாகசப் பயிலகத்தின் பயிற்சிகளிலிருந்து தொடங்கலாம். அடுத்த படி, 1965-இல் உத்தரகாசியில் நிறுவப்பட்ட நேரு மலையேற்ற நிறுவனம் போன்றவற்றின் அடிப்படைப் பயிற்சி. அது ஏறத்தாழ நான்கு வாரம் நீளும். அதன் முடிவில் 'ஏ' தரம் பெற்றவர்களே மேற்பயிற்சிக்குப் போக முடியும். இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடுவதால், உங்கள் கல்லூரித் தேர்வு அட்டவணை வந்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள்.

ஓராண்டு உழைத்தபின் மதிப்பூதியம் கேட்கத் தயங்க வேண்டாம். அதற்காக முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வைத்திருங்கள்: தேதி, இடம், எத்தனை பேர், வானிலை, உங்கள் பொறுப்பு, நேர்ந்த தவறு. ஒவ்வொரு பயணம் முடிந்ததும், அந்த வாரத்துக்குள்ளாகவே, பொறுப்பாசிரியரிடம் அந்தப் பக்கத்தில் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.