ஆளில்லாக் கட்டடத்தைப் படமெடுப்பது எப்படி? பினாங்கில் முதல்முறை போகும் இருவருக்கு

பினாங்கில் ஆளில்லாக் கட்டடங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள ஜார்ஜ்டவுன் கடைவீடுகள். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கியபோது பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேறினார்கள். அன்று பூட்டியவற்றில் சில இன்னும் பூட்டியே கிடக்கின்றன. மற்றொன்று, தீவுக்கு எதிரே பெருநிலத்திலுள்ள செபராங் பிறை பக்கம் சனங்கள் டவுனுக்குக் குடிபெயர்ந்தபின் விட்டுப்போன தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள். நம் தாத்தா பாட்டி பிறந்து வளர்ந்த வீடுகள் அவை. இடிவதற்குள் ஒழுங்காகப் படமெடுத்து வைக்க வேண்டும்.

முதல் படி: அனுமதி

வேலி தாண்டிப் போகாதீர்கள். அத்துமீறி நுழைவது குற்றவியல் சட்டப்படி சிறைவரை போகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று: திருட்டுத்தனமாகப் போனவர், கால் முறிந்தாலும் அவசர எண் 999-ஐ அழைக்கத் தயங்குவார்.

கடைவீடு என்றால் அஞ்சடியில் (கடை முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில்) பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள். சாவி யாரிடம் என்று பெரும்பாலும் அவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, மனை எண்ணை வைத்து உரிமையாளர் பெயரைத் தேடலாம். தோட்டம் என்றால் மேனேஜர் ஆபிஸ். கடிதத்தில் இருவர் பெயர், தேதி, நேரம், எந்தப் பகுதி, படங்களின் பிரதி தருவோம் என்ற உறுதி ஆகியவை இருக்கட்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சில வீடுகளில் இன்னும் ஓடும்.

பழகுவதற்குக் குருத்வாரா சாலையிலுள்ள ஹின் பஸ் டெப்போ நல்ல இடம். கைவிடப்பட்டுக் கிடந்த பேருந்துப் பணிமனை, 2014 முதல் கலைக்கூடம். பழைய சுவரும் திறந்த வானமும் சேரும்போது கேமரா எப்படித் தடுமாறும் என்பதை ஆபத்தில்லாமல் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: நேரம்

கடைவீடு குறுகலானது, நீளமானது. வெளிச்சம் வாசல் வழியாகவும் நடு முற்றம் வழியாகவும்தான் வரும். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி 12 மணிக்கல்ல, ஏறக்குறைய 1.15க்கு. அந்த நேரத்தில் முற்றத்துத் தரை வெள்ளையாக எரியும், சுற்றியுள்ள அறைகள் கறுத்துப்போகும். 10.30 முதல் 11.30 வரை வெயில் முற்றத்துச் சுவரின் மேல்பாதியில் பட்டு அறைக்குள் மென்மையாகத் திரும்பும். மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது. முந்தைய இரவு பெருமழை பெய்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

மூன்றாம் படி: பை

ஆளுக்கொரு தலைவிளக்கு, இருவருக்கும் பொதுவாக ஒரு உபரி டார்ச், தலைக்கவசம், கையுறை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொசு மருந்து. காலணியின் அடியில் உலோகத் தகடு இருக்க வேண்டும். துருப்பிடித்த ஆணி சாதாரண ரப்பர் சப்பாத்தை ஊடுருவிவிடும். வௌவால் எச்சத் தூசிக்கு என்-95 முகக்கவசம். பழைய நெளிவுக்கூரைத் தகடு உடைந்து கிடந்தால் அதை மிதிக்க வேண்டாம், கல்நார் கலந்திருக்கலாம். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும் ஒருவருக்கு இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

நான்காம் படி: உள்ளே

இருவர் போவது பேச்சுத்துணைக்கு மட்டுமல்ல. ஒருவர் படத்தைப் பார்ப்பார், மற்றவர் தரையையும் கூரையையும் பார்ப்பார். கேமராவில் கண் இருக்கும்வரை கால் நகரக் கூடாது. இன்னும் கொஞ்சம் அகலமாக எடுக்கலாம் என்று பின்னால் ஓரடி வைப்பதில்தான் விபத்து நடக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் குரல் மற்றவருக்கு எப்போதும் எட்ட வேண்டும்.

புதியவர்கள் மாடிக்கு ஏற வேண்டாம். சுவரோரமாக நடந்தால் பலகை தாங்கும் என்று பலர் சொல்வார்கள். கடைவீட்டில் அது பொய்த்துப்போகும். மாடியைத் தாங்கும் விட்டங்களின் முனைகள் இருபக்கச் சுவருக்குள் செருகியிருக்கின்றன. ஓடு உடைந்து மழைநீர் சுவரில் இறங்கினால் முதலில் மட்குவது அந்த முனைதான். பிறகு கரையான் ஏறும். கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். முனையைச் சுற்றிக் கறையோ கரையானின் மண்கோடோ தெரிந்தால், அதன் அடியில் நிற்பதும் ஆபத்து.

லயத்தில் பயம் வேறு. புதருக்குள் மூடாத கிணறு, உடைந்த மலக்குழி மூடி. நீளமான கம்பால் தட்டித் தட்டி, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். தேங்கிய நீரில் கை வைக்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரும். திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், எங்கே போனீர்கள் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சாமி மாடம், சுவர்க் காலண்டர், விட்டுப்போன குடும்பப் படம் எதையும் நகர்த்த வேண்டாம். படத்துக்காக நாற்காலியை இழுத்துப் போட்டால், அந்த வீடு எப்படி இருந்தது என்பதற்கான சான்று கெட்டுவிடும்.

ஐந்தாம் படி: கேமரா

ஏர்கோன் காரிலிருந்து நேரே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். பையைத் திறக்காமல் 20, 30 நிமிடம் வெளிக்காற்றில் வைத்திருங்கள். துடைத்துத் துடைத்துப் பயனில்லை, கண்ணாடி சூடாக வேண்டும்.

முக்காலி கட்டாயம். 18–55 மி.மீ. லென்ஸ் போதும், அகலமாகத் தெரியும் 18-இல் வையுங்கள். எஃப் 8 (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐ.எஸ்.ஓ. 100 (ஒளி உணர்திறன்), ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு), 2 நொடி டைமர். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணையுங்கள். சன்னலும் இருட்டு மூலையும் ஒரே சட்டத்தில் வந்தால் மூன்று படம் எடுங்கள்: சரியான வெளிச்ச அளவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் குறைத்து ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிக்கும்). பிறகு கணினியில் இணைக்கலாம். அளவுக்கு மீறி இணைத்தால் சுவர் பொம்மை வீடு போலாகிவிடும். நிழல் நிழலாகவே இருக்கட்டும்.

கேமராவை மேலே சாய்த்தால் தூண்கள் உள்நோக்கிச் சரியும். இடுப்பளவு உயரத்தில் மட்டமாக வைத்து எடுத்தால் சரிவு வராது. ஒவ்வோர் அறைக்கும் வாசலிலிருந்து ஒன்று, எதிர்மூலையிலிருந்து ஒன்று, பிறகு தாழ்ப்பாள், தரை ஓடு, சுண்ணாம்புப் பூச்சு போன்ற நுட்பங்கள். அறையின் பெயரை நண்பர் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.

ஆறாம் படி: வெளியிடுவது

இணையத்தில் ஏற்றுமுன் கோப்பிலுள்ள இருப்பிடத் தகவலை நீக்குங்கள். ஊர்ப் பெயர் போதும், முகவரி வேண்டாம். செம்புக் கம்பி திருடுகிறவர்களும் படம் பார்ப்பார்கள். அடையாள அட்டை எண் தெரியும் தாள்களை மறையுங்கள். உரிமையாளருக்குச் சொன்ன பிரதியை ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், கூடவே நீங்கள் பார்த்த மட்கிய விட்டத்தின் படத்தையும். அதைப் பார்த்தால், கூரையில் எந்த இடத்து ஓடுகளை முதலில் மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.