இரண்டு இரவுகளை அருகருகே கேட்டல்: பாப் டிலனின் புடோக்கான் பதிவுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஒரே அரங்கில் பல இரவுகள் பாடிய ஒரு பாடகரின் நேரடிப் பதிவுகள் கைக்குக் கிடைத்தால், ஒவ்வொரு பாடலுக்கும் சிறந்த வடிவம் எது என்று தேடிப் பிரித்தெடுக்கவே பலரும் முனைகிறார்கள். அப்படிக் கேட்பதால் அந்தப் பதிவுகளின் அருமையில் பெரும்பகுதி கைநழுவிப் போகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதே பாடகர், அதே குழு, அதே அரங்கம் என எல்லாம் மாறாமல் இருக்கும்போது பாட்டு மட்டும் எப்படி மாறுகிறது என்பதையே நாம் செவிமடுக்க வேண்டும். அதற்கு, அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1978இல் டோக்கியோவின் நிப்பான் புடோக்கான் அரங்கில் பாடிய கச்சேரிகளைவிடப் பொருத்தமான பயிற்சிக்களம் எனக்குத் தெரியவில்லை.

முதலில், எந்தப் பதிவைக் கேட்பது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். டிலனின் முதல் ஜப்பான் பயணமான அதில், புடோக்கானில் எட்டுக் கச்சேரிகளும் ஒசாக்காவில் மூன்று கச்சேரிகளும் நடைபெற்றன. அவற்றுள் பிப்ரவரி 28, மார்ச் 1 ஆகிய இரண்டு இரவுகள் ஒவ்வொரு ஒலியையும் தனித்தனித் தடத்தில் பிடிக்கும் 24 தடப் பதிவுக் கருவியில் பதிவாயின. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த 22 பாடல்கள் இரட்டை இசைத்தட்டாக அதே ஆண்டு ஜப்பானிலும், 1979இல் பிற நாடுகளிலும் வெளிவந்தன. இரண்டு கச்சேரிகளும் முழுமையாக, 58 பதிவுகளுடன் நான்கு குறுந்தட்டுகளில் வெளிவந்தது 2023 நவம்பரில்தான். பழைய இசைத்தட்டில் இரண்டு இரவுகளும் கலந்திருப்பதால் ஒப்பிட்டுக் கேட்க அது உதவாது. 2023ஆம் ஆண்டின் முழுத் தொகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அத்துடன் வந்த, வெளிவராத பாடல்களின் தேர்வான இரட்டை எல்பி இசைத்தட்டும் இந்தப் பயிற்சிக்குப் போதாது.

அடுத்து, பிப்ரவரி 28ஆம் நாள் கச்சேரியைத் தொடக்கம் முதல் முடிவுவரை, ஒரு பாடலையும் தாண்டாமல், குறிப்பு எதுவும் எடுக்காமல் ஒருமுறை கேளுங்கள். கச்சேரிக்கு ஒரு கட்டமைப்பு உண்டு என்பது அப்போதுதான் புலப்படும். 'எ ஹார்டு ரெயின்ஸ் எ-கோனா ஃபால்' பாடலைச் சொற்களே இல்லாமல் குழு வாசிக்க, அதன் பிறகே டிலன் பாடத் தொடங்குகிறார். பழைய இசைத்தட்டில் இந்த வாத்திய இசை இடம்பெறாததால், பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தவர்களுக்குக்கூட கச்சேரியின் உண்மையான வாசல் எது என்பது தெரியாமல் இருந்தது.

அதன் பிறகே ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும். ஒரே பாடலின் இரண்டு இரவு வடிவங்களையும் இடைவெளியின்றி அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று பாடல்கள் போதும். அதற்கு மேல் செவி களைத்துவிடும். முதல் முறை குரலை முற்றிலும் ஒதுக்கிவிட்டுப் பக்கவாத்தியங்களை மட்டும் பின்தொடருங்கள், ஏனெனில் பழைய பாடல்களை இந்தக் குழு வேரோடு மாற்றியமைத்திருக்கிறது: 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாடலில் ஸ்டீவ் டக்ளஸின் புல்லாங்குழல் முன்னிற்கிறது, 'டோன்ட் திங்க் ட்வைஸ்' ஜமைக்காவின் ரெகே நடைக்கு மாறியிருக்கிறது, துள்ளலாக ஓடிய 'ஐ வான்ட் யூ' மிக மெதுவான காலப்பிரமாணத்தில் ஏக்கமாக ஒலிக்கிறது. இசையமைப்பு இவ்வளவு கறாராக வகுக்கப்பட்டிருக்கும்போது, டேவிட் மேன்ஸ்ஃபீல்டின் வயலினோ பில்லி கிராஸின் கிதாரோ ஒரு வரியின் முடிவில் சிறிது விலகினாலும் அது தெளிவாகக் கேட்கும். 1979இல் அமெரிக்க விமர்சகர்கள் பலர் இதை லாஸ் வேகாஸ் கேளிக்கை மேடைகளின் பகட்டு என்று தள்ளினார்கள். இரண்டு இரவுகளையும் அருகருகே கேட்டவர் எவரும் அந்தத் தீர்ப்பை ஏற்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இரண்டாம் முறை குரலுக்கு வாருங்கள். டிலன் ஒரு சொல்லைத் தாளத்துக்கு முன்பே எடுக்கிறாரா, பின்தங்கிச் சேர்கிறாரா, வரியின் கடைசி அசையை நீட்டுகிறாரா, வெட்டுகிறாரா என்பதைப் பாடல் வரிகளின் அச்சுப் பிரதியில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுகளின் குறிகளும் ஒரே தாளில், இரண்டு நிறங்களில் இருந்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 'கோயிங், கோயிங், கான்' போன்ற பாடல்களில் 1974ஆம் ஆண்டு ஸ்டூடியோ பதிவின் சொற்களையே அவர் மாற்றிவிட்டார் என்பதால், அவற்றுக்கு ஸ்டூடியோ பிரதியை நம்பாமல் கேட்டபடியே எழுதிக்கொள்வது நல்லது. மெல்லிய ஒலிகள் தவறாமல் கேட்க ஹெட்ஃபோன் அவசியம்.

கடைசியாக, 'இஸ் யுவர் லவ் இன் வெய்ன்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் பதிவாகாத பாட்டு என்று மேடையில் சொல்லி அவர் பாடும் இதற்கு, கேட்டிருந்தவர்களின் நினைவில் ஒப்பிட எந்த வடிவமும் இல்லை. இரண்டு இரவுகளிலும் கேட்டு முடித்த பிறகு, ஏப்ரலில் பதிவாகி 1978 ஜூனில் வெளிவந்த 'ஸ்ட்ரீட்-லீகல்' தொகுப்பிலுள்ள வடிவத்தைக் கேட்டு, மேடையில் உருவானவற்றுள் எவை ஸ்டூடியோவுக்குள் சென்றன, எவை புடோக்கானிலேயே நின்றுவிட்டன என்பதை அதே தாளில் மூன்றாம் நிறத்தில் குறியுங்கள்.