கிதாரில் வால்யூம் ஸ்வெல்: எல்லாரும் சறுக்கும் இடங்கள்

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் சர்ச்சில் கிதார் வாசிக்கிற பசங்க அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணா, ஸ்வெல் பண்ணா வயலின் மாதிரியே வர மாட்டேங்குது, எந்தப் பெடல் வாங்கட்டும்?" பெடல் கதையை அப்புறம் பார்க்கலாம். வாசிக்கச் சொல்லிக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் தந்தியைத் தட்டுவதே தப்பான நேரத்தில்தான்.

வால்யூமைச் சுத்தமாக அடைத்துவிட்டுத் தந்தியைத் தட்டி, பிறகு மெல்லத் திறப்பதுதான் ஸ்வெல். பிக் (தந்தியைத் தட்டும் சின்னத் தகடு) படும் 'டக்' காதில் விழாமல் ஸ்வரம் மட்டும் எழும்பி வரும். ஆனால் மற்ற வாசிப்புப் பழக்கத்தில் கை தானாகவே நாலு பீட் எண்ணிக்கையில் 'ஒன்று' விழும்போது தட்டிவிடுகிறது. ஒலி முழுசாக வருவதற்குள் 'இரண்டு' வந்துவிடும், பாடுகிறவர்கள் முன்னால் போய்விடுவார்கள், கிதார் மட்டும் பின்னால் இழுபட்டுக்கொண்டு கிடக்கும். கேட்கிறவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், என்னவென்று சொல்லத் தெரியாது. தட்ட வேண்டியது அதற்கு முந்தைய 'நான்கு' விழும்போது. 'ஒன்று' வரும் நொடியில் வால்யூம் உச்சியில் இருக்க வேண்டும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) 60இல் வையுங்கள், ஒரு பீட்டுக்குச் சரியாக ஒரு வினாடி கிடைக்கும். நான்கில் தட்டு, ஒன்றில் வந்து சேர், அவ்வளவுதான் பயிற்சி. போனில் பதிவு பண்ணிக் கேளுங்கள், வாசிக்கும்போது சரியாகப் பட்டது பதிவில் பல்லிளிக்கும்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு: தட்டிவிட்டு ரொம்ப நேரம் பொறுத்துத் திறப்பது. தட்டிய நொடியிலிருந்தே தந்தியின் ஒலி தேய ஆரம்பித்துவிடும், அதுவும் மெல்லிய தந்தியில் மேல் ஃபிரெட்களில் சட்டென்று போய்விடும். தாமதமாகத் திறந்தால் வருவது ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) இரைச்சல் மட்டும்தான்.

பெடல் இல்லாமல் கிதாரிலேயே இருக்கும் வால்யூம் நாபில் (திருகு) செய்பவர்களுக்குச் சுண்டு விரல்தான் எல்லாம். ஸ்ட்ராட் மாடல் எலக்ட்ரிக் கிதாரில் வால்யூம் நாப், தந்திகள் உடலில் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கத்திலேயே இருப்பதால் விரல் எளிதாக எட்டும். லெஸ் பால் மாதிரி கிதாரில் நாப் தள்ளி இருக்கும், அதில் மல்லுக்கட்டுவதைவிடப் பெடலுக்குப் போவதே மேல் என்பது என் கட்சி. விரலோடு சேர்த்து முழுக் கையையும் இழுத்தால் அடுத்த முறை பிக் வேறு தந்தியில் போய் விழும், உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் மேல் நிறுத்திக்கொள்ளுங்கள். மே மாதத்தில் வேர்த்த விரல் வழுக்கத்தான் செய்யும். பழைய சைக்கிள் ட்யூபில் மெல்லிசாக ஒரு வளையம் வெட்டி நாபைச் சுற்றி மாட்டினால் பிடிமானம் கிடைக்கும், செலவே இல்லை.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து நாபுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரை ('பாட்' என்பார்கள்) அரிக்க, திருப்பும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். சாதாரண வாசிப்பில் அது தெரியாது, ஸ்வெல்லில் மானத்தை வாங்கிவிடும். பூட்டுக்கு அடிக்கும் எண்ணெயை உள்ளே விடாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் கேட்டு வாங்கி, பாட்டின் பக்கவாட்டு இடுக்கில் கொஞ்சம் அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பல தடவை திருப்புங்கள். அப்போதும் போகவில்லையா, பாட்டையே மாற்றிவிடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் போய் வெறுமனே "500கே (500 கிலோ ஓம்) கொடுங்க" என்றால் 'பி' எழுத்துப் போட்டதைக் கொடுக்க வாய்ப்புண்டு. அது லீனியர். கொஞ்சம் திருப்பியதுமே ஒலி குபீரென்று எழும்பிவிடும், மீதித் திருப்பலில் பெரிதாக ஒன்றும் நடக்காது. 'ஏ' என்று போட்டதைக் கேளுங்கள், அது காதுக்குச் சீராக ஏறும். பொதுவாக சிங்கிள் காயில் பிக்கப்புக்கு (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதிதான் பிக்கப்) 250கே, இரட்டைக் காயில் உள்ள ஹம்பக்கருக்கு 500கே.

வால்யூம் குறைத்தால் ஒலி மங்குகிறது என்று ட்ரெபிள் பிளீட் கெபாசிட்டர் (வால்யூம் குறைந்தாலும் கூர்மையான ஒலியைத் தப்பவிடும் சின்ன உறுப்பு) போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றதற்குச் சரி. ஸ்வெல்லுக்கு அந்த மங்கல்தான் அழகு, இருட்டாகத் தொடங்கி வெளிச்சமாகத் திறக்கும். கெபாசிட்டர் போட்டால் தொடக்கமே கீச்சென்று இருக்கும்.

இனி பெடல், அதாவது காலால் மிதித்து வால்யூமை ஏற்றி இறக்கும் கருவி. வாங்கியதும் மற்ற எஃபெக்ட் பெடல்களின் வரிசையில் கடைசியாகச் செருகிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பெடலை மூடும்போது டிலே, ரிவெர்ப் ஆகிய எதிரொலி எஃபெக்ட்களின் வாலும் சேர்ந்து அறுந்துவிடும். அவை இரண்டுக்கும் முன்னால் வையுங்கள், கால் மேலே வந்தாலும் பழைய ஒலி மிதந்துகொண்டிருக்கும், அந்த மறைப்பில் அடுத்த கார்டுக்கு விரலை மாற்றிக்கொள்ளலாம். வால்யூம் திறந்திருக்கும்போதே கார்டு மாற்றினால் தந்தியில் விரல் உரசும் சத்தம் ஆம்ப் வழியாக ஊருக்கே கேட்கும். ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவுக்கு முன்னால் பெடலை வைத்தால் கிதார் நாப் மாதிரியே வேலை செய்யும்: சுத்தமாகத் தொடங்கி ஏற ஏறக் கரகரப்பாகும். பின்னால் வைத்தால் கரகரப்பு மாறாமல் அளவு மட்டும் ஏறும். எனக்குப் பின்னால் வைப்பதுதான் பிடிக்கும். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரசரைப் பெடலுக்கு முன்னால் வையுங்கள், ஸ்வரம் நீளும். பின்னால் வைத்தால் நீங்கள் கஷ்டப்பட்டு ஏற்றிய மேட்டை அது சமமாக்கிவிடும். இரைச்சலை அடைக்க மெல்லிய ஒலியை வெட்டும் நாய்ஸ் கேட்டைப் பின்னால் வைத்தால் ஸ்வெல்லின் தொடக்கத்தையே விழுங்கிவிடும்.

வாங்கும்போது இம்பீடன்ஸைப் (மின்தடை அளவு) பாருங்கள். சாதாரண பாசிவ் பிக்கப் (பேட்டரி இல்லாதது) கிதாரை நேராகச் செருக 250கே அல்லது 500கே பெடல் வேண்டும். 25கே பெடல் கீபோர்டுக்கும் பேட்டரி உள்ள ஆக்டிவ் பிக்கப்புக்கும் பஃபருக்கு (சமிக்ஞையைப் பலமாக்கி அனுப்பும் சுற்று) பின்னால் வைப்பதற்கும் உரியது. அதில் பாசிவ் கிதாரை நேராகச் செருகினால் ஒலி போர்வை போத்தினாற்போல ஆகிவிடும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பார் என்று நம்பிப் போகாதீர்கள்.

ஒற்றைக் காலில் நின்றுகொண்டு இன்னொரு காலால் பெடலை மிதித்தால் அது ஸ்வெல் ஆகாது, உதைதான். குதிகால் பெடலின் பின்பகுதியில் ஊன்றியே இருக்கட்டும், முன்பாதம் மட்டும் இறங்கட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வாசிக்கும் சர்ச்சில் வெறுங்காலில் இது இன்னும் சுலபம். அப்புறம், சவுண்ட் செக்கில் பெடலைப் பாதியில் வைத்து அளவைச் சொல்லிவிட்டு, பாட்டில் உணர்ச்சிவசப்பட்டு முழுசாக மிதிக்கிறவர்கள் நிறைய. பெடலை முழுசாக இறக்கி வைத்துக்கொண்டு மிக்ஸரில் இருப்பவரிடம் அளவு சொல்லுங்கள். அதற்குமேல் போக இடமே இருக்காது.