இங்கிலீஷ் பாட்டு கேட்கப் பழகுவது எப்படி? மதுரைக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு

உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான் பக்கமிருந்து மதுரைக் கல்லூரிகளில் வந்து சேருகிற பிள்ளைகள் நிறையப் பேருக்கு ஹாஸ்டலில் இந்தச் சங்கடம் உண்டு. ரூம்மேட் போனில் ஏதோ இங்கிலீஷ் பாட்டு ஓடும், நாலு பேர் கூடவே பாடுவார்கள், நாம் மட்டும் சும்மா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கிலீஷ் சரியாக வராததால்தான் பாட்டு ஒட்டவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் மொழி இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை, பல்லவி எங்கே வரும் என்று நம் காதுக்குத் தெரியாதது.

நம் சினிமாப் பாட்டில் பெரும்பாலும் பல்லவிதான் முதலில் வரும், அப்புறம் இன்டர்லூட் (நடுவில் வருகிற வாத்திய இசை), சரணம், மறுபடி பல்லவி. இங்கிலீஷ் பாப் பாட்டில் பெரும்பாலும் முதலில் வருவது வெர்ஸ், நம் சரணம் மாதிரி. அதுவும் அடங்கின குரலில், பெரிய மெட்டு எதுவும் இல்லாமல் போகும். கோரஸ், அதாவது அவர்களுடைய பல்லவி, வந்து சேர முக்கால் நிமிஷம் ஒரு நிமிஷம்கூட ஆகும். ரீல்ஸ் தள்ளுகிற வேகத்தில் இருபது செகண்டில் ஸ்கிப் அடித்தால் பல்லவியைக் கேட்காமலேயே பாட்டு நல்லா இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். அதனால் முதல் கோரஸ் முடிகிற வரை போனைத் தொடாதீர்கள். இரண்டாவது கோரஸுக்குப் பிறகு பிரிட்ஜ் என்று ஒரு பகுதி பல பாட்டுகளில் இருக்கும், மெட்டு மாறி ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடும். பழகின பிறகு அதற்காகவே பாட்டை முழுசாகக் கேட்பீர்கள்.

எதில் தொடங்கலாம்? பாஸஞ்சர் என்ற பெயரில் பாடுகிற இங்கிலாந்துக்காரர் 2012-ல் வெளியிட்ட 'லெட் ஹெர் கோ'. இது கோரஸிலேயே தொடங்குகிறது, நம் பாட்டு போலவே, அதனால் காது தடுமாறாது. அடுத்து ஜான் டென்வரின் 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்', 1971. வேகம் குறைவு, வார்த்தைகள் எளிது, சொந்த ஊருக்குக் கூட்டிப்போ என்று சாலையிடம் கேட்கிற பாட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர் பஸ் ஏறுகிறவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. (அந்தப் பாட்டு புகழ்கிற ஊர் வெஸ்ட் வர்ஜீனியா, ஆனால் அதை எழுத ஆரம்பித்தவர்களுக்கு யோசனை வந்தது பக்கத்து மேரிலாந்தில் கார் ஓட்டிப் போகும்போது.) அடெல் பாடிய 'சம்ஒன் லைக் யூ' 2011, ஒரு பியானோ, ஒரு குரல், அவ்வளவுதான். பின்னால் வேறு சத்தம் இல்லாததால் வார்த்தைகள் தனித்தனியாகக் காதில் விழும்.

இன்டர்லூட் இல்லாத பாட்டெல்லாம் ஒரு பாட்டா என்று கேட்கிற இளையராஜா ரசிகர்களுக்கு என் பதில் ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'. 1976 டிசம்பரில் வந்த ஆல்பம், பாட்டு ஆறரை நிமிஷம். குரல் வருவதற்கு முன்னாடியே கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் கிட்டார், கடைசி இரண்டு நிமிஷத்துக்கு மேல் குழுவின் கிட்டார்காரர்கள் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து, முடிவில் சேர்ந்தே வாசிப்பார்கள். பாடுகிற பகுதியை விட்டுவிட்டு இதை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். கோல்ட்ப்ளேயின் 'விவா லா விடா'வும் (2008) இந்தக் கூட்டத்துக்குப் பிடிக்கும், வயலின் கூட்டமாக வருவதால்.

அப்புறம் தாளம். எட் ஷீரனின் 'பெர்ஃபெக்ட்', இமேஜின் டிராகன்ஸின் 'பிலீவர்' இரண்டுமே 2017-ல் வந்தவை, ஒன்று காதல், இன்னொன்று ஜிம்மில் போடுகிற பாட்டு. ஆனால் இரண்டையும் விரலில் எண்ணிப் பார்த்தால் மூன்று மூன்றாகத்தான் நடக்கும். நம் கும்மிப் பாட்டுக்கும் அதே திஸ்ர நடைதான். 2025 பிப்ரவரியில் சென்னைக் கச்சேரியில் எட் ஷீரன் 'ஷேப் ஆஃப் யூ' பாட, ஏ.ஆர். ரஹ்மான் மேடையேறி 'ஊர்வசி ஊர்வசி'யை அதோடு கோத்தது ஞாபகம் இருக்கும், அந்த வீடியோவைத் தேடி எடுத்துப் பாருங்கள், இரண்டு பாட்டும் உரசாமல் போகும்.

வரிகளுக்கு இப்போது வரலாம். முதல் தடவை கேட்கும்போதே லிரிக்ஸ் திறக்க வேண்டாம். மெட்டு மனப்பாடம் ஆனபிறகு ஸ்பாட்டிஃபையிலோ யூடியூப் லிரிக் வீடியோவிலோ கோரஸை மட்டும் வாசியுங்கள், அது மூன்று நாலு தடவை திரும்ப வரும் என்பதால் அதைப் பிடித்தாலே பாதிப் பாட்டு கையில். வேகமான பகுதிக்கு யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கலாம், சுருதி மாறாது. ராப் மட்டும் பொறுமை கேட்கும். எமினெமின் 'லூஸ் யுவர்செல்ஃப்' (2002) ஆஸ்கர் வாங்கிய முதல் ராப் பாட்டு, அதை முதல் வாரத்திலேயே பாட முயற்சி செய்து நாக்கைக் கடித்துக்கொள்ளாதீர்கள்.

கேட்கிற இடமும் முக்கியம். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருமங்கலம் போகிற பஸ்ஸில் டிரைவர் பாட்டு போட்டிருந்தால் உங்கள் இயர்போன் தோற்றுப்போகும், அன்றைக்கு அவர் போடுவதையே கேளுங்கள், அதுவும் நல்ல பாட்டாகத்தான் இருக்கும். தெப்பக்குளம் படியில் சாயங்காலம் உட்கார்ந்து கேட்கலாம். கோரிப்பாளையத்தில் ரோட்டைக் கடக்கும்போது மட்டும் தயவுசெய்து இரண்டு காதும் வெளியே இருக்கட்டும்.

காலேஜ் கல்ச்சுரல்ஸில் வெஸ்டர்ன் சோலோ, அதாவது தனியாக இங்கிலீஷ் பாட்டு, பாட ஆசை வந்துவிட்டதா? சரி. அடெல் பாட்டை எடுத்துக்கொண்டு மேடை ஏறுகிற முதல் வருஷப் பிள்ளைகள் அதிகம், வெர்ஸ் சுகமாக இருக்கும், கோரஸ் திடீரென்று உச்சிக்குப் போய்க் குரல் உடையும். கோரஸின் உச்சியை முதலில் பாடிப் பார்த்துவிட்டு, எட்டவில்லை என்றால் கரோக்கி டிராக்கின் ஸ்கேலைக் குறைக்கிற ஆப்பில் ஒன்றிரண்டு படி இறக்குங்கள். கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் கமகத்தைக் கொஞ்சம் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும், நீளமான சுரத்தை ஆட்டாமல் நேராக நிறுத்துவதே இங்கே அழகு. அமெரிக்கக் குரலில் பேசி நடிக்க வேண்டியதில்லை, ஆனால் 'நைட்டு', 'லவ்வு' என்று கடைசியில் நாம் ஒட்டுகிற உகரத்தை வெட்டிவிடுங்கள், ஜட்ஜ் காதில் முதலில் விழுவது அதுதான். பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் 'E' என்ற ஆங்கில எழுத்து போட்டிருந்தால் கெட்ட வார்த்தை இருக்கிறது என்று அர்த்தம், பிரின்சிபால் முன்வரிசையில் இருப்பார், பார்த்துக்கொள்ளுங்கள். டிராக்கைப் போனில் மட்டும் நம்பாமல் பென் டிரைவிலும் ஏற்றி, சவுண்டு சர்வீஸ் அண்ணனிடம் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே கொடுத்து ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டுவிடுங்கள்.