எட்டுப் பேர் கிளம்பினால் எட்டுப் பேரும் திரும்பி வர: செட்டிநாட்டில் பெண்களின் மூன்று நாள் சைக்கிள் பயணம்

முதல் தடவை எட்டுப் பேர் காரைக்குடியிலிருந்து கிளம்பினோம். மூன்றாம் நாள் சாயங்காலம் சைக்கிளிலேயே ஊர் வந்து சேர்ந்தது ஐந்து பேர்தான். இரண்டு பேர் முட்டிவலி தாங்காமல் தேவகோட்டையில் பஸ் ஏறினார்கள். இன்னொருத்திக்கு வழியில் பஞ்சர். அவள் நின்றுவிட்டதை முன்னால் போன நாங்கள் கவனிக்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரி எங்களில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷம் தை மாதம் அதே எட்டுப் பேர் மறுபடி கிளம்பி, எட்டுப் பேரும் ஓட்டியே வந்து சேர்ந்தோம். நடுவில் என்னென்ன மாற்றினோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: இருக்கிற சைக்கிளைச் சரிசெய்யுங்கள்

புது சைக்கிள் வேண்டாம். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளே போதும். செட்டிநாட்டுச் சாலைகளில் பெரிய ஏற்றம் கிடையாது, கியர் இல்லாமலே ஓட்டலாம். எங்கள் குழுவில் மூத்த அக்கா 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்றவர். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்துப் படிப்போடு பெண்களுக்கு சைக்கிளையும் சேர்த்துக் கொண்டுவந்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். அந்த அக்கா இன்றும் பார் வைத்த சைக்கிள்தான் ஓட்டுகிறார்.

முக்கியமானது சீட்டின் உயரம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்து ஓட்டினால் முட்டி லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். பஸ் ஏறிய இருவருக்கும் சீட்டு மிகவும் தாழ்வாக இருந்தது. பெண்களுக்குச் சீட்டைத் தாழ்த்திக் கொடுப்பது கடைக்காரர்களுக்கு வழக்கமாகவே போய்விட்டது. நீங்கள் கேட்டு ஏற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: இரண்டு மாதப் பழக்கம்

வாரம் மூன்று நாள் 10 கிலோமீட்டர். ஞாயிறுதோறும் கொஞ்சம் கூட்டி, 35 வரை கொண்டுபோங்கள். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடாமல் ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் யாருக்கும் கஷ்டம் இருக்காது. மறுநாள் காலையில் அதே சீட்டில் உட்காரும்போதுதான் உடம்பு பேசும்.

படி 3: கடைசி நாளைச் சின்னதாக வையுங்கள்

நாங்கள் செய்த பெரிய தப்பு, மூன்றாம் நாளுக்கு 60 கிலோமீட்டர் மிச்சம் வைத்தது. இப்போது எங்கள் வழி இது.

முதல் நாள்: காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான். அங்கே மூட்டையை இறக்கிவிட்டுத் திருமயம் கோட்டை வரை போய்த் திரும்பி வருவோம். தையில் வடகிழக்குக் காற்று. தெம்பு இருக்கிற முதல் நாளில் வடக்கே போய் அதை எதிர்கொண்டுவிட்டால், திரும்பி வருகையில் அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும்.

இரண்டாம் நாள்: ஆத்தங்குடி, பிறகு பிள்ளையார்பட்டி. ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றிக் கையால் தரைக்கல் செய்வதைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்ந்த தரையில் உட்கார்ந்து எழுந்தால் கால் புதிதாகிவிடும்.

மூன்றாம் நாள்: குன்றக்குடி வழியாகக் காரைக்குடி. இது மிகக் குறைந்த தூரம். யாருக்காவது வலி வந்தாலும் மெதுவாக உருட்டி வந்து சேர்ந்துவிடலாம்.

தைப்பூசத்தை ஒட்டிப் போனால், பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிக் கூட்டம் குன்றக்குடிப் பக்கம் சாலையில் இருக்கும். வேகத்தைக் குறைத்து மணி அடியுங்கள். அவர்கள் விடியுமுன் கிளம்பி, உச்சி வெயிலில் ஓய்ந்து, வெயில் தாழ மறுபடி நடப்பதைக் கவனியுங்கள். நாங்களும் காலை 5.30க்குக் கிளம்பி, 11 மணிக்குள் நிறுத்தி, 3.30க்கு மேல்தான் மறுபடி ஏறுகிறோம்.

படி 4: முள்

இந்த மண்ணில் பயணத்தைக் கெடுப்பது சீமைக்கருவேல முள். நிழலுக்காகத் தார்ச்சாலையை விட்டு இறங்கி மரத்தடியில் சைக்கிளை நிறுத்தாதீர்கள். சாலையோரம் நிறுத்தினாலும் தூக்கி வையுங்கள், உருட்டாதீர்கள்.

பஞ்சர் ஒட்ட எட்டுப் பேரும் கற்றிருக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றக்கூடத் தேவையில்லை. காற்றை இறக்கி, டயர் லிவரால் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து எடுத்து, டியூபை வெளியே இழுங்கள். காற்றடித்துக் கன்னத்தருகே வைத்தால் ஓட்டை எங்கே என்று தெரியும். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஐந்து நிமிஷம் காயவிடுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் வெயில் சூட்டில் பெயர்ந்துவிடும். காய்ந்ததும் ஒட்டுத் துண்டை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

டியூபை உள்ளே தள்ளுவதற்கு முன் டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் தடவுங்கள். துணி மாட்டும் இடத்தில் முள் நுனி இருக்கும். அதைப் பிடுங்காமல் மூடிவிட்டு, அரை கிலோமீட்டரில் மறுபடி நின்றவர்கள் நாங்கள்.

படி 5: வரிசை

எங்களில் மிக மெதுவாக ஓட்டுபவர் இரண்டாவது இடத்தில் வருவார். முன்னால் போகிறவர் அவர் மூச்சைக் கேட்டுத்தான் வேகம் வைக்க வேண்டும். மணிக்கு 12 கிலோமீட்டர் போதும். நன்றாக ஓட்டுபவர், பம்பும் பஞ்சர் பையும் உள்ளவர், கடைசியில். அவருக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எண்ணிவிட்டுத்தான் அடுத்த மிதி.

படி 6: உடம்பு, உடை, சாப்பாடு

சுடிதார் என்றால் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடியுங்கள். கால் பக்கம் ரப்பர் பேண்டு. உள்ளாடையின் தையல் தொடையில் உரசும், காலையிலேயே தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். சிறுநீரை அடக்கவோ, அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கவோ வேண்டாம். கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க், கோயில், பஸ் ஸ்டாண்டு எங்கெங்கே என்று முன்கூட்டியே குறித்து, அவற்றையே நிற்கும் இடங்களாக வைத்துக்கொண்டோம். மாதவிலக்கு வந்தால் சொல்லிவிடுவது என்பது எங்கள் ஒப்பந்தம். அன்றைக்குக் கூடுதலாக நிற்போம்.

காலையில் இட்லியோ வெள்ளைப் பணியாரமோ. வழியில் கடலை மிட்டாய், வாழைப்பழம், உப்பு போட்ட மோர். செட்டிநாட்டுக் கோழிக் குழம்பை ராத்திரிக்கு வையுங்கள். தலை சுற்றினால் நிழலில் உட்கார்ந்து, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து, சிறிது சிறிதாகக் குடியுங்கள். டீஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும்.

படி 7: ஊர் எல்லை

வீடு நெருங்கியதும் கால் தானாக வேகம் பிடிக்கும். காரைக்குடிப் போக்குவரத்தில் அது ஆபத்து. ஊருக்கு 3 கிலோமீட்டர் முன்னால் கட்டாயம் நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள், எண்ணுங்கள். அங்கிருந்து மூன்று நாளும் மிக மெதுவாக வந்தவர் முன்னால் போகட்டும். எங்களுக்கு அது 58 வயது அக்கா. கொப்புடையம்மன் கோயில் முன் அவர் இறங்கி, திரும்பி நின்று, நாங்கள் வர வர விரல் விட்டு எண்ணினார். "ஏழு. என்னையும் சேத்து எட்டுடி" என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

மறுநாள் செயினில் ஒட்டிய செம்மண்ணைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். டயரை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு முள் இன்னும் உட்கார்ந்திருக்கும்.