தோட்டத்துக் கிளினிக்கில் தடுப்பூசிப் பேச்சு: மிஸ்ஸிகளுக்கு (நர்ஸ்களுக்கு) பயிற்சி தரும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், பயிற்சியைக் காலையில் வைக்காதீர்கள். குழந்தைகள் ஊசிக்கு வரும் நேரம் அது. பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கி இரண்டு மணி நேரம் போதும். 6 முதல் 9 பேர் வரை இருக்கலாம். தோட்டத்து டிரசரையும் (மருத்துவ உதவியாளர்) சேர்த்துக்கொள்ளுங்கள். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஜனங்கள் முதலில் அவரிடம்தான் கேட்கிறார்கள்.

ஒரு வாரத்துக்கு முன்பே ஆளுக்கு மூன்று அட்டை கொடுங்கள். கிளினிக்கில் காதில் விழுந்த மறுப்பைச் சொன்னது சொன்னபடி எழுதட்டும், பெயர் வேண்டாம். 'போன தடவை போட்டு ராத்திரி பூரா அழுதுச்சு மிஸ்ஸி', 'சளி இருக்கு, அடுத்த மாசம் வர்றோம்', 'மாமியாரைக் கேக்கணும்'. இந்த அட்டைகள்தான் பாடம். ஸ்லைடு போட்டு நோய்ப் பட்டியல் படிப்பது வீண்; அது மிஸ்ஸிகளுக்குத் தெரியும்.

முதல் இருபது நிமிடம் பேச்சைத் தொடங்கும் விதத்துக்கு. 'ஊசி போடலாமா வேணாமா?' என்று கேட்டால், வேண்டாமென்பதும் சரியான வழிதான் போலும் என்று தாய் நினைப்பாள். 'இன்னைக்கு ரெண்டு மாச ஊசி அக்கா, போட்டுருவோம். கேக்கணும்னு ஏதும் இருக்கா?' என்று சொல்லிவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணச் சொல்லுங்கள். இந்த மௌனம்தான் பலருக்கும் வராது. தயங்கினால் பதில் சொல்ல ஓடாமல், அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லி, 'நான் ஒண்ணு சொல்லட்டுமா?' என்று கேட்டு, ஒரே ஒரு விஷயம் சொல்லி, 'இப்ப எப்படித் தோணுது?' என்று நிறுத்த வேண்டும். பாட்டி கூட வந்திருந்தால் அவரைப் பார்த்தே பேசுங்கள்.

பிறகு அந்த அட்டைகளை வைத்து மூன்று மூன்று பேராக நடிப்பு: மிஸ்ஸி, தாய், கவனிப்பவர். நான்கு நிமிடம் பேச்சு, இரண்டு நிமிடம் கருத்து, பிறகு இடம் மாற்றம். இங்கேதான் கெடும். தாயாக நடிப்பவர் சண்டைக்காரியாகிவிடுவார், இல்லையென்றால் உடனே தலையாட்டிவிடுவார். தன் கவலையை மிஸ்ஸி திருப்பிச் சொன்ன பிறகே இறங்கிவர வேண்டும் என்று விதி வையுங்கள். கவனிப்பவர் புத்தி சொல்லக்கூடாது. மிஸ்ஸி எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை முறை குறுக்கே பேசினார் என்று மட்டும் எண்ணட்டும்.

பதில்கள் கைவசம் இருக்க வேண்டும். ஆறு நோய்க்கான ஊசியின் காய்ச்சல் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். 9, 12 மாதத்தில் போடும் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) ஊசியின் காய்ச்சல் ஒரு வாரம் கழித்துக்கூட வரலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஊசியில் ஏதோ கோளாறு என்று பயந்துவிடுவார்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 6 கிலோ குழந்தைக்கு 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 2.5 முதல் 3.75 மில்லி. கடையில் 250 மில்லிகிராம் சிரப்பும் இருக்கிறது. அதையே அதே அளவு கொடுத்தால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். போத்தலைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், ஊசியால்தான் என்று வீட்டில் வைத்திருக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுவரட்டும். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடம் சில வாரத்தில் கொப்பளித்துப் புண்ணாவது வழக்கம். மஞ்சள், எண்ணெய் பூச வேண்டாம். லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடலாம்.

ஆட்டிசம் பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததென்றால், வதந்தியைத் திருப்பிச் சொல்லாதீர்கள். உண்மையை முதலில் சொல்லுங்கள். தொடர்பில்லை; அதைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010இல் விலக்கிக்கொண்டது. 'அந்த நோயெல்லாம் இப்ப எங்க இருக்கு?' என்பவரிடம், 1992க்குப் பிறகு மலேசியாவில் இல்லாதிருந்த போலியோ 2019 டிசம்பரில் சபாவில் ஒரு கைக்குழந்தைக்கு வந்ததைச் சொல்லலாம். குரலை உயர்த்திப் பயமுறுத்தினால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், மறுமுறை வரமாட்டார்கள்.

அப்படியும் மறுத்தால் குழந்தையின் பதிவுப் புத்தகத்தில் காரணத்தைக் குறித்து, பெரட்டு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) நேரத்தோடு மோதாத ஒரு தேதியைக் கையில் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு மிஸ்ஸியின் பக்கத்திலும் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து, அதே எண்ணிக்கையைத் திரும்ப எடுங்கள்.